தாலிக்கொடிக்கு மொத்தம், வாள் சங்கிலிக்கு மெல்லிசு

அன்பு மகனே,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. உன் சுகம் எனக்கு உன் பெண்சாதியின் தொலைபேசியில் காலையும் மாலையும் வந்து சேர்கிறது. நீ அங்கே தும்மினால் எனக்கு இங்கே தெரியும். ஊரில் மற்றத் தாய்மார் கனடாவுக்கும் லண்டனுக்கும் போன பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள். நான் நீர்வேலிக்குப் போன பிள்ளைக்கு எழுதுகிறேன். கைதடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம், நடுவில் ஒரு பாலம், அவ்வளவுதான். ஆனாலும் கலியாணம் முடிந்து நீ பெண் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று உன் அப்பா தன் முச்சக்கர வண்டிக்குள் இருந்து அழுத அழுகையைப் பார்த்தவர்கள், நீ விமானம் ஏறுகிறாய் என்றுதான் நினைத்திருப்பார்கள். மகளோடு வீட்டையும் கொடுத்து மருமகனைத் தங்களோடு இருத்திக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பெடியனைப் பெற்றவர்கள் பெடியனைக் கொடுத்துவிட்டு ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதைத் தொலைபேசியில் சொல்லலாமே என்று அப்பா கேட்டார். சொல்லலாம். நான் சொல்லச் சொல்ல நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்பாய். வைத்துவிட்டு உன் மாமனாரிடம் போய் "ஓம் மாமா" என்பாய். கடிதத்துக்கு ஓம் போட முடியாது, வாசிக்கத்தான் வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் உன் பெண்சாதி ஒரு சிவப்புப் பேனையை எடுத்து ஆசை தீரத் திருத்தட்டும். வாசித்து முடித்ததும் ஒளிக்காமல் மேசையில் போட்டு வை. மாமாவும் வாசிக்கட்டும், மாமியும் வாசிக்கட்டும், வாழைக்குலை வாங்க வருகிற வியாபாரியும் வாசிக்கட்டும். இதில் குடும்ப இரகசியம் ஒன்றும் இல்லை. மெசின் வாளின் சங்கிலி பற்றிய விசயம்.

நீ புறப்படும்போது உன் உடுப்புப் பெட்டியோடு நான் கட்டி அனுப்பியது என் சின்ன மெசின் வாள். அது எனக்கு வந்த கதை உனக்குத் தெரியும், உன் மாமி வீட்டாருக்குத் தெரியாது. மாதர் சங்கத்தில் கைத்தொழில் செய்ய என்ன மெசின் வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாரும் தையல் மெசின் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்போதே துணியைவிடத் தையல் மெசின் கூட. நான் எழும்பி, "எனக்கு மரம் வெட்டுற மெசின் வாள் தாங்கோ" என்றேன். தலைவி, "அதாலை என்ன தைக்கப் போறியள்?" என்று கேட்டா. "வேலியை" என்றேன். அன்றிலிருந்து ஆட்டுக்குக் குழை, அயலவர்களின் மின்கம்பியில் முட்டுகிற மாங்கொப்பு, கூரையில் சாய்கிற முருங்கை எல்லாம் என் கணக்கு. இப்போது என்னிடம் புதிது ஒன்று இருக்கிறது. புதியதை வைத்துக்கொண்டு பழையதை மகனுக்குத் தந்துவிட்டேன் என்று அப்பா கேலி செய்கிறார். பழையது பழகினது, கடிக்காது. சரியான சங்கிலி போட்டிருக்கும்வரை.

இனி மாமாவிடம் வருகிறேன். மாமா நல்ல மனிதர். அவர் இதை வாசிப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை. வாசிப்பார் என்பதற்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான். கலியாணத்துக்கு முன்னர் நாங்கள் தாலிக்கொடியைக் காட்டிய அன்று நினைவிருக்கிறதா? அவர் அதைக் கையில் ஏந்தி, மெல்ல மேலும் கீழும் அசைத்து, "மொத்தமாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லில் நானும் இரண்டு சுற்று மொத்தமாகிவிட்டேன். எங்கள் சனத்துக்குக் கழுத்தில் கிடக்கிறது மொத்தமாக, தடிப்பாக இருந்தால்தான் சம்பந்தம் மதிப்பு. அதில் எனக்கும் அவருக்கும் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. பிழை எங்கே வந்ததென்றால், அதே கையால் அவர் என் வாளையும் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் சொன்னதை உன் பெண்சாதி எனக்கு அப்படியே சொன்னாள்: "சம்பந்தி வீட்டிலையிருந்து வந்த வாளிலை நூல் மாதிரி ஒரு சங்கிலி தொங்குது. சனம் பாத்தா எங்களைத்தான் சிரிக்கும். மருமோனுக்கு ஒரு மொத்தச் சங்கிலி வாங்கிப் போட இவங்களுக்கு வக்கில்லையோ எண்டு." அடுத்த நாள் சந்திக் கடைக்குப் போய் அகலப் பல்லு வைத்த மொத்தச் சங்கிலி ஒன்றை வாங்கிவந்து, தன் கையாலேயே பூட்டினாராம். நீ பக்கத்தில் நின்றாய். தண்ணீர் இறைப்பு மெசின் திருத்துகிற உனக்கு எந்த மெசின் எதை இழுக்கும் என்று தெரியாதா? தெரியும். நீ என்ன சொன்னாய்? "ஓம் மாமா. நல்லா இருக்கு."

கழற்றிய என் மெல்லிசுச் சங்கிலிக்கு என்ன நடந்தது என்பதையும் கேள்விப்பட்டேன். வாழைத்தோட்டத்துப் படலையைக் கட்டி ஆமைப்பூட்டுப் போட்டிருக்கிறாராம். அந்தப் படலையில் இப்போது மாடுகூட முதுகு சொறிவதில்லையாம். களவு போகாத படலை என்று பார்த்தால் அது ஒரு நல்ல யோசனைதான்.

பிறகு வேப்பமரத்துக் கதை. தோட்டத்து மூலையில் நிற்கிற வேம்பின் பெரிய கொப்பு குலை போட்ட இதரை வாழைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. சோளகக் காற்று எழும்பிவிட்டது. கொப்பு முறிந்து விழுந்தால் ஒரு வரிசை வாழை சரியும். ஆகவே அதை முன்னரே வெட்டி இறக்க வேண்டும். மாமாவிடமும் ஒரு பெரிய மெசின் வாள் இருக்கிறது, ஆனால் அது நிலத்தில் கிடக்கிற மரத்துக்குத்தான் சரி. அதைத் தூக்கி மேலே பிடிக்க ஒரு ஆனைதான் வேண்டும். எனவே சின்ன வாள், மொத்தச் சங்கிலி, ஏணியின் மேலே நீ, ஏணியின் கீழே மாமா. அன்று பின்னேரம் உன் பெண்சாதி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமி, நான் கிணத்தடியிலை நிண்டு கதைக்கிறன். சத்தம் போடாதேங்கோ."

"எடுத்தது நீ. நான் ஏன் பிள்ளை சத்தம் போடப்போறன்? என்ன?"

"வேம்பு வாளைக் கடிச்சுக்கொண்டு விடுகுதில்லை."

"வாளெல்லோ வேம்பைக் கடிக்க வேணும்?"

"அதுதான் மாமி கரைச்சல்."

"அவன்ரை கை கால்?"

"எல்லாம் இருக்கு. முதல் கீழ்ப்பக்கமா ஒரு வெட்டு வைக்கவேணும் எண்டு இவர்தான் சொன்னவர். வைச்சார். மெசின் முக்கிச்சுது. என்ரை அப்பா கீழை நிண்டு 'அமத்து தம்பி, அமத்து' எண்டார். இவர் 'ஓம் மாமா' எண்டு அமத்தினார். சினை மாடு செருமின மாதிரி ஒரு சத்தம். பிறகு புகை. பிறகு மெசின் நிண்டிட்டுது, கொப்பு இறங்கி வாளைப் பிடிச்சிட்டுது. இப்ப ரெண்டு பேரும் ஆப்பு அடிச்சு எடுக்கினம்."

நான் சிரித்த சிரிப்பில் ஆடு கட்டையோடு இழுபட்டது. ஆனால் அவள் பிறகு சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை இன்னொருக்கா வெட்டுறதாம் மாமி. இன்னும் பலமா அமத்தினாச் சரிவருமாம் எண்டு அப்பா சொல்லுறார்."

"இவன் என்ன சொன்னவன்?"

"ஓம் மாமா எண்டவர்."

மகனே, நான் இந்தப் பேனையை எடுத்தது அந்த ஓமுக்காகத்தான். இழுக்க முடியாத பாரத்தை மெசினில் கட்டிவிட்டு, ஏணியில் நின்று, உன் முழுப் பலத்தையும் வாளில் போட்டு அமத்துகிறாய். பாதி வெட்டில் அது திடீரென்று விட்டால் வாளும் நீயும் ஒரே பக்கம் போவீர்கள். சங்கிலி சுற்றி ஓடுகிற தகட்டின் மூக்கு எங்காவது பட்டால் அது உன் முகத்துக்கு உதைக்கும். வாழை சரிந்தால் அடுத்த குலை வரும். உன் விரல் சரிந்தால் நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன்? மாமாவின் மனம் நோகக்கூடாது என்று நீ பார்க்கிறாய். எனக்கு வேண்டியது நான் பெற்றபோது எண்ணிப் பார்த்த உன் பத்து விரலும்.

மெல்லிசுச் சங்கிலி ஏன் என்று மாமாவுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். வாள் வெட்டுகிறபோது மரத்தில் ஒரு வாய் திறக்கிறது. அந்த வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு மரம் தூளாகிக் கொட்டுகிறது. பல்லு அகலமென்றால் வாய் அகலம், தூளும் கூடும், மெசின் இழுக்க வேண்டிய பாரமும் கூடும். பெரிய மெசின் அதை இழுக்கும். சின்ன மெசின் அப்பாவின் முச்சக்கர வண்டி மாதிரி. அதில் உன் பெரியமாமியையும் அவவின் மூன்று சூட்கேசையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் பாலத்தைக் கடந்த அன்று, பக்கத்தில் நடந்து போன கிழவர் எங்களை முந்தினார். அதே வண்டியில் நான் ஒருத்தி இருந்தால் பறக்கும். மெல்லிசுச் சங்கிலி என்பது பெரியமாமியை இறக்கிவிடுகிற வேலை. மெசினின் பலம் கூடவில்லை, தின்ன வேண்டிய மரம் குறைந்திருக்கிறது. தடி விழுவது ஒன்றுதானே? வாய் ஒடுக்கமோ அகலமோ, கொப்பு கீழே வந்தால் ஆட்டுக்கு ஒரே சந்தோசம்.

கடையில் தெரிந்தெடுக்கிறபோது கழற்றிய பழையதைக் கையில் கொண்டு போ. சங்கிலியின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கால்கள் இருக்கின்றன, தகட்டின் தவாளிப்பில், அந்த ஒடுக்கப் பள்ளத்தில், இறங்கி ஓடுகிறவை. அந்தக் கால்களின் தடிப்பு, எத்தனை கால், ஆணிக்கும் ஆணிக்கும் இடையிலே உள்ள தூரம், இவ்வளவும் தகட்டில் பொறித்திருக்கும். மூன்றும் ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலியை இழுக்கிற பற்சில்லு அதை மென்று துப்பிவிடும். ஆனால் மாமா ஏமாந்த இடம் இதற்குப் பிறகுதான். அவர் வாங்கியதில் கால் பொருந்தியது, எண்ணிக்கையும் பொருந்தியது, பல்லு மட்டும் அகலம். காலுக்குப் பொருந்தியதெல்லாம் தன்னுடையது என்றுதான் உன் அப்பாவும் கோயில் வாசலில் யாரோ ஒருவரின் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டு போய் வைக்க வெட்கப்பட்டு என்னை அனுப்பினார். எனவே கால் பொருந்தினாலும் பல்லைப் பார். "ஒடுக்கமாய் வெட்டுறது, சின்ன வாளுக்கு" என்று வாய் திறந்து கேள். மறுபக்கமும் பார்த்துக்கொள்: மொத்தத் தகட்டில் மெல்லிசுப் பல்லுச் சங்கிலியைப் போட்டால், பல்லு திறந்த வாய்க்குள் தகடு நுழையாமல் இறுகி நிற்கும். தகடும் சங்கிலியும் ஒரே அளவில் சோடியாக இருக்க வேண்டும். சோடி பார்ப்பதில் நான் பிழை விடமாட்டேன் என்பதற்கு உன் பெண்சாதியே சாட்சி.

சுகமாக வெட்டுகிறதே என்று கவனியாமல் விட்டுவிடாதே. மெல்லிசுப் பல்லில் இரும்பு குறைவு. அதை முறுக்காதே, வெட்டுக்குள் வைத்துக் கோடரி மாதிரி நெம்பாதே, மண்ணில் முட்ட விடாதே. கீழே வைப்பதென்றால் ஒரு சாக்கை விரித்து வை. எங்கள் மண் ஒரு நொடியில் பல்லைத் தின்றுவிடும். அடிக்கடி மெல்லமாக அரம் போடு. முற்றாக மழுங்கும்வரை இருந்துவிட்டுப் பிறகு உராஞ்சினால் மிஞ்ச ஒன்றும் இராது. மழுங்கல் எப்படித் தெரியும் என்றால், கொட்டுகிற தூளைப் பார். தேங்காய்ப்பூ மாதிரிச் சுருள் சுருளாக வந்தால் பல்லு கூர். அரிசிமா மாதிரிப் பறந்தால் உடனே நிறுத்து. அன்று வேம்பிலிருந்து கொட்டியது பிட்டு அவிக்கலாம் போல மா என்று உன் பெண்சாதி சொன்னாள். அதாவது மாமா வாங்கிய புதுச் சங்கிலியும் புகைந்த சூட்டிலேயே மழுங்கிவிட்டது.

அரம் போடுகிறபோது உருண்டை அரம், பல்லில் எழுதியிருக்கிற சரிவுக்கு, ஒரே பக்கமாகத் தள்ளு. திரும்பி வரும்போது தூக்கு. வலப்பக்கப் பல்லுக்கு எத்தனை தரம் தள்ளினாயோ இடப்பக்கத்துக்கும் அத்தனை தரம். நான் பழகின புதிதில் வலப்பக்கம் கைக்கு வசதியாக இருந்ததால் அதை மட்டும் சவரக் கத்தி மாதிரித் தீட்டி, மற்றப் பக்கத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த வீட்டுக் கொய்யாவை நேராக வெட்டத் தொடங்கினேன். வெட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து வளைந்து போனது. வீட்டுக்காரி, "இது என்ன தங்கச்சி, வடிவுக்கோ?" என்றாள். ஓம், வடிவுக்குத்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? பல்லுக்கு முன்னால் நிற்கிற சின்ன மொட்டையும் இடையிடையே கொஞ்சம் தட்டையாக்கு, ஆனால் ஆசைப்பட்டு முழுக்கப் பதித்துவிடாதே. மொட்டு பதிந்தால் பல்லு ஒரு கடியில் அளவுக்கு மிஞ்சிக் கடிக்கும், வாள் துள்ளும்.

எண்ணெய் இல்லாமல் ஓட்டாதே. அதற்கென்று விற்கிற ஒயிலையே ஊற்று. ஒருநாள் ஒயில் முடிந்து போக நான் அடுப்படியில் இருந்த நல்லெண்ணெயை ஊற்றிவிட்டேன். வாள் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் ஒழுங்கை முழுக்கத் தோசை வாசம். இரண்டு நாய் வேலை முடியும்வரை எதிரே இருந்து வாலாட்டின. கழுவாமல் வைத்துவிட்டேன், அடுத்த கிழமை எடுத்தபோது சங்கிலி பிசின் பிடித்துத் தகட்டோடு ஒட்டிக்கிடந்தது. சங்கிலியின் இறுக்கத்துக்கு உன் கலியாண வேட்டியை நினைத்துக்கொள். நீ தளரக் கட்டி, மணவறையைச் சுற்றி வரும்போது நழுவி, சித்தப்பா தன் பெல்ட்டைக் கழற்றி உனக்குக் கட்டினார். மிச்சக் கலியாணம் முழுக்க அவர் தன் காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தளர்வு கூடாது. மூச்சு முட்டுகிற இறுக்கமும் கூடாது. விரலால் மேலே இழுத்தால் கொஞ்சம் எழும்ப வேண்டும், கால் தவாளிப்பை விட்டு வெளியே வரக்கூடாது, கையால் தள்ளினால் ஓட வேண்டும். சூட்டில் சங்கிலி நீளும். நீண்டதே என்று இறுக்கினால், வேலை முடிந்ததும் தளர்த்திவிடு. ஆறும்போது சுருங்கித் தகட்டை நெரிக்கும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து மரத்தை வெளியே பார்த்து நம்பாதே. வேலி மரமென்றால் உள்ளே பழைய முள்ளுக்கம்பியும் ஆணியும் இருக்கும். வீட்டு வளவு மரமென்றால் சண்டை நடந்த அந்த வருசங்களில் வந்து புகுந்த இரும்பு இருக்கும். மரம் அதை மூடித் தோல் வளர்த்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். தண்டில் வீக்கமோ கறுப்புத் தடிப்போ கண்டால் அந்த இடத்தை விட்டு மேலே வெட்டு. வெட்டுகிறபோது சத்தம் கீச்சென்று மாறினால் அடுத்த நொடி கையை எடு. மாமாவின் வேம்பு பழையது. அவரைக் கேள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வளவும் உனக்கு ஏற்கெனவே தெரியும், என் பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ. உனக்குத் தெரியாதது ஒரு சொல்தான். சின்ன வயதில் இரண்டு பக்கமும் கூப்பிட, இரண்டு பக்கத்துக்கும் ஓம் சொல்லி, ஒரே கிரிக்கெட் ஆட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் துடுப்படித்தவன் நீ. பெரியமாமியும் சின்னமாமியும் ஒரே நாளில் விருந்துக்குக் கூப்பிட, இரண்டு வீட்டிலும் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்து எனக்கு ஓமத் தண்ணீர் காய்ச்ச வைத்தவன். பாவற்காயைக் கண்டால் பிறந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்புகிற நீ, பெண் வீட்டு முதற் சாப்பாட்டில் மாமி "பாவற்காய்க் கறி எப்பிடித் தம்பி?" என்று கேட்க, "அந்தமாதிரி மாமி" என்று புகழ்ந்தாயாம். அன்றிலிருந்து உனக்கு அங்கே மூன்று நேரமும் பாவற்காய். உன் பெண்சாதி என்னிடம், "அவருக்குப் பாவற்காய் எண்டா உயிராம், நீங்கள் ஏன் மாமி எங்களுக்கு முதலே சொல்லேல்லை?" என்று குறைப்பட்டாள். நான் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "மறந்து போனன் பிள்ளை, கூடக் கூடப் போடு" என்று சொல்லிவைத்தேன். பாவற்காய்க்கு ஓம் சொன்னால் வாய்தான் கைக்கும். மெசின் வாளுக்குச் சொல்லாதே.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டி வந்தது. படலையில் சைக்கிள் மணி. எழும்பிப் பார்த்தால் உன் மாமா, பின் கரியரில் ஒரு இதரைக்குலையோடு. நான் அவரைக் கூப்பிட்டு இருத்துகிற நேரத்துக்குள் ஆடு இந்தத் தாளின் மூலையைக் கடித்துவிட்டது. மூலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, பயப்படாதே.

"வாங்கோ அண்ணை. என்ன தனிய? பிள்ளையள் எங்கை?"

"நான் இஞ்சை வந்தது அவைக்குத் தெரியாது தங்கச்சி. குலை குடுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். வானத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், என் புது வாளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களிட்டை அந்த மெல்லிசுச் சங்கிலி இன்னொண்டு இருக்கோ?" என்றார்.

"ஏன் அண்ணை, மற்றப் படலைக்கும் பூட்டுப் போடப் போறியளோ?"

"பகிடி விடாதேங்கோ தங்கச்சி. உங்கடை மகன் இண்டைக்குக் காலமை எனக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டான்."

"என்ரை மகனோ? வடிவாப் பாத்தனீங்களோ? வேறை ஆரும் பெடியனா இருக்கும்."

"நான்தான் சொன்னன், காத்து எழும்புது, ஞாயிறு மட்டும் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது, இப்பவே ஒருக்கா அமத்திப் பாப்பம் எண்டு. ஓம் மாமா எண்டு ஏணியிலை ஏறினான். பாதியிலை நிண்டான். திரும்பி இறங்கினான். ஒரு சாக்கை விரிச்சு, அதிலை வாளை வைச்சான். பிறகு என்ரை முகத்தைப் பாத்து, 'இல்லை மாமா. இந்தச் சங்கிலி இந்த வாளுக்குச் சரிவராது. ஏணியிலை நிண்டும் நான் வெட்ட மாட்டன். உழவு மெசினுக்குப் பின்னாலை பூட்டுற பெட்டியைக் கொப்புக்குக் கீழை விடுங்கோ, அதிலை நிண்டு வெட்டுவம், கொப்பைக் கயித்தாலை கட்டி இறக்குவம்' எண்டான். சொல்லிப்போட்டு ஏணியையும் தூக்கிக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலிலை சாத்திப்போட்டான்."

சாக்கை விரித்து வைத்தானா என்று நான் இன்னொரு தரம் கேட்டேன். ஓம், விரித்துத்தான் வைத்தான் என்றார். எனக்குத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை, ஆனாலும் பட்டுவிட்டது.

திரும்பி வந்து, "உங்களுக்குக் கோவமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"கோவம்தான். கொஞ்ச நேரம் இருந்துது. பிறகு வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டு யோசிச்சன். கலியாணம் முடிஞ்ச நாள் துடக்கம் அந்தப் பெடியன் ஓம் மாமா, ஓம் மாமா எண்டு கொண்டு திரிஞ்சான். எனக்கு வீட்டிலை ஒரு விருந்தாளி நிக்கிற மாதிரி. மனிசன் எப்ப வெளிக்கிடுவான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரி. இண்டைக்குத்தான் வீட்டுப் பிள்ளை மாதிரிக் கதைச்சான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதோடை நிக்கேல்லை. மத்தியானம் பாவற்காயையும் வேண்டாம் எண்டிட்டான். மனிசி இன்னும் அடுப்படியை விட்டு வெளியாலை வரேல்லை" என்றார்.

நான் மிச்சமாக வைத்திருந்த சங்கிலியை எடுத்து, பழைய வாளின் தகட்டுக்கு எழுதி வைத்திருந்த அளவோடு ஒத்துப் பார்த்து, ஒரு சீலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்து, தாலிக்கொடியை ஏந்திய அதே மாதிரிக் கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப என்ரை பெரிய வாளுக்கும் இப்பிடி ஒரு மெல்லிசைப் போட்டா என்ன?" என்று கேட்டார்.

"சீ, அதுக்கு வேண்டாம் அண்ணை. உங்கடை வாளுக்குப் பலம் இருக்கு, மொத்தம்தான் அழகு. மெல்லிசைப் போட்டா அது இழுக்கிற இழுவைக்கு அறுத்துப்போடும்."

அதற்குப் பிறகுதான் மனிதர் நிமிர்ந்து இருந்தார். படலைக்கு வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "நான் வந்ததைத் தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். ஒரு குஞ்சு குருமானுக்கும் சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அண்ணை, இந்த இடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறீர்களென்றால் சத்தியம் என்னுடைய தலையில்தான் செய்தது, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இதரைக்குலை நல்ல குலை.

இனி இந்தக் கடிதம் எதற்கு, கிழித்துவிடு என்று அப்பா சொல்கிறார். எழுதின தாளை ஆட்டுக்குக் கொடுக்கலாமாம். நான் விடமாட்டேன். சங்கிலி மாமாவோடு போய்விட்டது, அரமும் ஒயிலும் இறுக்கமும் இந்தத் தாளில்தான் இருக்கின்றன. நாளைக்கு அப்பாவே முச்சக்கர வண்டியில் கொண்டுவருவார். அவர் உன்னைக் கண்டு அழுதால் கண்டுகொள்ளாதே. அந்த அகலப் பல்லுச் சங்கிலியை எறிய வேண்டாம், கூர் போட்டு எண்ணெய் பூசி ஒரு ஆணியில் தொங்கவிடு. மாமா ஆசையோடு வாங்கியது. படலையில் கிடக்கிற என் சங்கிலியையும் கழற்றாதே, மழையில் நனைந்தது இனி வாளுக்கு உதவாது. அங்கேயே காவல் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொப்பு இறங்கியதும், கை கால் கழுவி, மாமா, மாமி, பெண்சாதி எல்லாரையும் கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வா. பத்து விரலையும் எனக்கு முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் இலையில் கை வைக்க வேண்டும். மாமியின் மனம் ஆற வேண்டுமே, அதற்காக அவவிடம் கேட்டு அவவின் பக்குவத்திலேயே பாவற்காய்க் கறி வைக்கப் போகிறேன். பாவற்காய்ப் பொரியல், பாவற்காய்ச் சம்பலும் உண்டு. மாமாவுக்கு இல்லை சொல்லிவிட்டாய், மாமிக்கும் சொல்லிவிட்டாய், பெரிய ஆள்தான். இனி எனக்கு ஒருக்கால் சொல்லிப் பார்.

உன் அம்மா